யாரும் திரும்பிப் பார்க்காத கோயில்

மேபலம்மா இறந்துவிட்டார் என்ற செய்தி தொலைபேசியில் எனக்கு வந்தபோது, அவருடைய குரல் என் தலைக்கு மேலே பேசிக்கொண்டிருந்தது. நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை. நிக்கோபார் தீவில் இருக்கும் கேம்பல் பே போகும் உறவினர் ஒருவரை ஏற்றிவிடுவதற்காக போர்ட் பிளேயர் ஜெட்டியில் நின்றிருந்தேன். கப்பல் அலுவலகத்தில் அவர் வேலை பார்த்த காலத்தில் பதிவு செய்த அறிவிப்பை அங்கே இன்னும் மாற்றவில்லை. முதலில் இந்தி, பிறகு தமிழ். "கேம்பல் பே செல்லும் பயணிகள் உடனே கப்பலில் ஏறிக்கொள்ளவும்." அந்த நேரத்தில்தான் அவரோடு வேலை பார்த்த வங்காளி நண்பர் அழைத்தார். "தாதா, மேபல் மேடம் நஹீ ரஹீ" என்றார். மேடம் இல்லை என்று இவர் சொல்கிறார், ஏறிக்கொள்ளுங்கள் என்று மேடம் சொல்கிறார். உறவினர் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். அறிவிப்பு ஓய்ந்த பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

அவரை அறிந்த சபையாராகிய உங்களுக்கு என்னையும் ஓரளவு தெரியும். ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் கோயிலுக்கு வந்து, நடு பெஞ்சில் உட்கார்ந்து, பிரசங்க வாசிப்பைக் கேட்டு, அசனம் என்ற சபை விருந்தையும் ஒரு கை பார்த்துவிட்டுப் போகிற இந்துக்காரன். சார் வருவது பிரசங்கத்துக்கா, ஆட்டுக்கறிக்கா என்று உங்களில் சிலர் கேலி செய்ததும் எனக்குத் தெரியும். இரண்டுக்கும்தான். அரசு அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்த வேலை பார்த்தவனுக்கு எதன் மேலும் சுலபமாக நம்பிக்கை வராது. பேய் பிசாசில் இல்லவே இல்லை. கடவுளோடும் வழியில் பார்த்தால் வணக்கம் சொல்லும் அளவுக்குத்தான் பழக்கம். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் பின்னால் நான் சொல்லப்போவது இந்த ஆள் சொல்வதுதானா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும்.

எங்களைச் சேர்த்துவைத்தவர் ஞானாபரணம் உபதேசியார். வெள்ளைக்காரன் காலத்தில், இந்தத் தீவு முழுக்கக் கைதிகள் இருந்த நாளில், திருநெல்வேலிப் பக்கமிருந்து தமிழ்க் கைதிகளுக்குப் பிரசங்கம் செய்ய வந்தவர். அவர் எழுதி வைத்த பிரசங்கங்களும், ஊரிலிருந்து அவர் மனைவி போட்ட கடிதங்களும் ஒரு படாக் மரப்பெட்டியில் உங்கள் கோயிலில் இருந்தன. ஜப்பான்காரன் காலத்தில் எத்தனையோ காகிதங்கள் அடுப்புக்குப் போனபோதும் இந்தப் பெட்டி எப்படியோ தப்பியது. பூச்சி தின்றது போக மீதியைப் படியெடுக்க வேண்டும், பழைய கையெழுத்தைப் படிக்க ஆள் வேண்டும் என்று மேபலம்மா அச்சகத்துக்கு வந்து கேட்டார். அன்றிலிருந்து சனிக்கிழமைப் பகல்களில் சிப்பிகாட்டில் உங்கள் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்த அவர் வீட்டுக்குப் போக ஆரம்பித்தேன்.

அந்த வீட்டுக்குப் போகும் வழியை நினைத்தால் இன்றும் எனக்கு முதுகு கூசும். சுனாமியில் தரை தாழ்ந்து, வயலாக இருந்த இடத்தில் கடல் வந்து நின்றுவிட்டது. பிறகு போகவேயில்லை. காய்ந்த தென்னைகள் தலையில்லாமல் தண்ணீரில் நின்றன. வரப்பு எங்கே இருந்தது என்று கரையில் நின்றால் தெரியும், அதன் மேல் மீன் ஓடும். மேபலம்மா வீட்டுச் சன்னலில் இதைத் தவிர வேறு காட்சி கிடையாது. திரை போட்டுக்கொள்ளக் கூடாதா என்று ஒருமுறை கேட்டேன். "பாத்துட்டு இருந்தாத்தான் அண்ணாச்சி அது இருக்கிற இடத்துல இருக்கும்" என்றார்.

உபதேசியாரின் பிரசங்கம் ஒவ்வொன்றும் நோட்டைத் திறந்தால் இரண்டு பக்கமாக இருக்கும். நடுவே ஒரு சிவப்புக் கோடு. இடது பக்கத்தில் அவர் கைதிகளிடம் சொல்ல விரும்பியது. வலது பக்கத்தில் வெள்ளைக்காரத் துரை வந்து நின்றால் அவன் காதில் விழ வேண்டியது. கோயிலின் ஒரே கதவு சபையாருக்குப் பின்னால் இருந்தது. யார் உள்ளே வருகிறார்கள் என்று பிரசங்கம் செய்கிறவருக்கு மட்டுமே தெரியும். துரை தலை தெரிந்த கணத்தில், எந்த வரியில் இருந்தாலும் உபதேசியார் கோட்டைத் தாண்டி வலது பக்கத்துக்குப் போய்விடுவார். கைதிகள் திரும்பிப் பார்க்கக் கூடாது. திரும்பினவனுக்குப் பிரம்படி. அவர்களுக்கும் அது தேவைப்படவில்லை. பிரசங்கம் மாறினால் வந்துவிட்டான் என்று அர்த்தம்.

உங்கள் கோயிலில் இன்றுவரை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய கட்டிடம் போய்ப் புதியது வந்தபோதும் அதே இடத்தில் அதே ஒற்றைக் கதவைத்தான் வைத்தீர்கள். கல்யாணத்தில் மணப்பெண் உள்ளே நுழையும்போதுகூட எல்லாத் தலைகளும் முன்னால் பார்த்தபடி இருப்பதைக் கண்டு, மெயின்லேண்டிலிருந்து வந்த சம்பந்தக்காரர்கள் இவர்களுக்கு எவ்வளவு கர்வம் என்று முணுமுணுத்ததை நானே கேட்டிருக்கிறேன். ஏன் திரும்புவதில்லை என்று கேட்டால் உங்களில் பாதிப் பேருக்குக் காரணம் தெரியாது. பிரம்பு போய்விட்டது, கழுத்து மட்டும் அப்படியே நின்றுவிட்டது என்று மேபலம்மா சிரிப்பார்.

இடது பக்கங்களில் உபதேசியார் புரட்சி பேசினார் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். நானும் அப்படித்தான் எதிர்பார்த்தேன். அவர் பேசியது வீட்டைப் பற்றி. அவருடைய தம்பி அந்தக் கைதிகளில் ஒருவன். வரி கட்ட மாட்டோம் என்று ஊரைத் திரட்டி தாலுகா கச்சேரிக்குத் தீ வைத்தவன் என்று அவன் மேல் வழக்கு. அண்ணன் தம்பி என்று தெரிந்தால் இவரை அடுத்த கப்பலில் ஏற்றிவிடுவார்கள். ஆகவே இரண்டு பேரும் முன்பின் தெரியாதவர்களாகவே இருந்தார்கள். ஊரிலிருந்து மனைவியின் கடிதம் வரும். அடுத்த ஞாயிறு அந்தச் செய்தி தம்பிக்காகப் பிரசங்கமாகும். அம்மாவுக்குப் பார்வை போய்விட்டது என்று ஒரு கடிதம். அதற்குப் பின் வந்த பிரசங்கத்தின் இடது பக்கம் இப்படி இருக்கிறது: "பிரியமானவர்களே, பனங்காட்டோரத்தில் ஒரு தாய் இருக்கிறாள். அவளுக்கு இப்போது கண் தெரிகிறதில்லை. ஆயினும் மாலைதோறும் விளக்கை ஏற்றி வாசலிலே வைக்கிறாள். வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டுமே என்கிறாள். நீ வருமட்டும் நாங்கள் காத்திருப்போம்."

இதைப் படியெடுத்த அன்று எனக்கும் மேபலம்மாவுக்கும் பெரிய வாக்குவாதம். துரைத்தனத்தின் சம்பளத்தை வாங்கிக்கொண்டு ஒரே மேடையில் இரண்டு நாக்கோடு பேசிய மனிதர், இவருக்கு விசுவாசம் என்று ஒன்று இருந்ததா என்று நான் கேட்டேன். வலது பக்கத்தைப் படித்தால் எரிச்சல் வரும். "ஆளுகிறவர்கள் நமக்கு நிழல் தருகிற விருட்சங்களாயிருக்கிறார்கள். அந்த நிழலிலே அவரவர் பாரத்தை இறக்கி வைத்து, சமாதானத்தோடே போகக்கடவீர்கள்." நல்ல ஜால்ரா என்றேன். மேபலம்மா கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "கையெழுத்து ஒண்ணுதான் அண்ணாச்சி. இந்தப் பக்கம் பொய், அந்தப் பக்கம் மெய்யின்னு அவரு எழுதல. யாரு முன்னால எதைச் சொல்லணும்னு எழுதியிருக்காரு" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. பிழை திருத்துபவனுக்கு ஒரு வார்த்தை சரி, அல்லது தப்பு. நடுவில் ஒன்றும் கிடையாது.

தம்பி இங்கேயே காய்ச்சலில் செத்தான். அதற்குப் பிறகும் உபதேசியார் வெகுநாள் பிரசங்கம் செய்தார். அந்த நோட்டுகளில் சிவப்புக் கோடு இருக்கிறது, வலது பக்கம் நிறைந்திருக்கிறது, இடது பக்கம் முழுக்க வெறுமை. பக்கம் பக்கமாகப் புரட்டினால் அதேதான். அந்தச் சனிக்கிழமை வீட்டுக்கு வந்து படியெடுத்ததைச் சரிபார்க்கும்போது, ஒவ்வொரு வெற்றுப் பக்கத்துக்கும் நிமிர்ந்து என் வீட்டு வாசற்கதவைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. மனைவி யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

மேபலம்மாவுக்கும் ஒரு தம்பி இருந்தான். தாசன். கேம்பல் பேயில் ரோடு வேலை மேஸ்திரி. சுனாமி வந்த அந்த டிசம்பரில் லீவு முடிந்து பண்டிகைக்கு முன்பே கிளம்பினான். அவன் மனைவி ரூபி பண்டிகையை இங்கே முடித்துக்கொண்டு பிறகு போவதாக ஏற்பாடு. அவன் ஏறிய கப்பலுக்கு மைக்கில் அறிவிப்புச் செய்தது மேபலம்மாதான். தன் வாயால்தான் அவனை ஏறச் சொன்னேன் என்பது அவருக்கு ஆறாத புண். கேம்பல் பேயில் அலை அவனைக் கொண்டுபோனது, உடல் கிடைக்கவில்லை. காணாமல் போனவர்கள் இறந்தவர்களே என்று அரசாங்கம் முடிவு செய்து காகிதம் கொடுத்துவிட்டது. மேபலம்மா மட்டும் நினைவு ஆராதனைக்குச் சம்மதிக்கவில்லை. கோயிலில் ஜெபம் வைத்தால் நாமே அவனைப் புதைத்த மாதிரி என்றார்.

ஆண்டுகள் ஓடின. ரூபி நாத்தனார் வீட்டிலேயே இருந்தாள். தாலி கழுத்தில் இருந்தது. திக்லிபூரில் பாக்குத் தோட்டம் வைத்திருந்த, மனைவியை இழந்த ஒருவர் போதகர் மூலமாக ரூபியைக் கேட்டனுப்பினார். நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. ரூபிக்கும் விருப்பம் இருந்தது. ஆனால் மதினியான மேபலம்மா ஜெபம் வைக்காமல் அவள் கிளம்பமாட்டாள். ஒருநாள் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னிடம் சொன்னாள்: "கவர்மெண்டுக்கு நான் விதவை சார். வீட்டுக்கு நான் பொண்டாட்டி. மதினிக்கிட்டே கேக்க எனக்கு வாய் வரல. அவங்க தினம் அந்தத் தண்ணியப் பாத்துட்டு உக்காந்திருக்காங்க." நான் மேபலம்மாவிடம் பேசிப் பார்க்கிறேன் என்றேன். பேசவும் செய்தேன். அவர் கேட்டுக்கொண்டார், பிறகு நோட்டைத் திறந்து எந்த வரியில் விட்டோம் என்று கேட்டார்.

ஆண்டுக்கொருமுறை அசனத்தன்று உபதேசியாரின் பிரசங்கம் ஒன்றை வாசிப்பது உங்கள் வழக்கம். வாசிப்பவர் எப்போதும் மேபலம்மா. எப்போதும் இடது பக்கத்தை முழுதாக வாசிப்பார். துரைமார் போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாயிற்று, வலது பக்கத்துக்கு என்ன வேலை? அந்த ஆண்டு அவர் எடுத்தது விளக்கேற்றும் தாயின் பிரசங்கம். நல்ல வெயில் நேரம். வெளியே அண்டாக்களின் சத்தம். மேபலம்மா வாசித்துக்கொண்டு வந்தார். பனங்காட்டோரம், கண் தெரியாத தாய், வாசலில் விளக்கு. வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டுமே. அங்கே நிறுத்தினார். தலை நிமிர்ந்தது. பார்வை எங்கள் எல்லோருக்கும் மேலாகக் கதவுக்குப் போய் அங்கேயே நின்றது. பிறகு ஜெட்டியில் கேட்கிற அந்தக் குரலில், ஒவ்வொரு வார்த்தையாக, "ஆளுகிறவர்கள் நமக்கு நிழல் தருகிற விருட்சங்களாயிருக்கிறார்கள்" என்று ஆரம்பித்தார்.

கோயிலுக்குள் ஒருவரும் அசையவில்லை. குழந்தைகள்கூட. யாரோ வந்துவிட்டார் என்பது உங்கள் எல்லோருடைய முதுகுக்கும் தெரிந்தது, என் முதுகுக்கும் தெரிந்தது. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாக இருந்தது. ஆனால் நான் உங்கள் சபையைச் சேர்ந்தவன் இல்லை, என் கழுத்துக்கு அந்தப் பழக்கம் இல்லை. திரும்பினேன். கடல் காற்றுக்காக எப்போதும் சாத்தியிருக்கும் கதவு விரியத் திறந்திருந்தது. வெளியே ரோடு, அதற்கப்பால் தண்ணீரில் நிற்கும் மொட்டைத் தென்னைகள். வேறொன்றும் இல்லை. முன்னால் திரும்பியபோது மேபலம்மா என்னையே பார்த்துக்கொண்டு, "சமாதானத்தோடே போகக்கடவீர்கள்" என்று முடித்தார்.

அசனத்தில் அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஆனால் பந்தியில் ரூபி ஒரு இலை கூடுதலாகப் போட்டிருந்தாள். அதற்கு எதிரே யாரும் உட்காரவில்லை. பரிமாறிக்கொண்டு வந்தவர்கள் அந்த இலையிலும் சோறு வைத்துவிட்டுப் போனார்கள். நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். கை கழுவும் குழாயடியில் மேபலம்மா எனக்காக நின்றார்.

"அண்ணாச்சி, நீங்க திரும்புனியள்லா?"

ஆமாம் என்றேன்.

"யாரப் பாத்திய?"

"யாரும் இல்லைம்மா. கதவு திறந்திருந்தது. அவ்வளவுதான்."

"நல்லாப் பாத்தியளா?"

"நல்லாத்தான் பார்த்தேன்."

அவர் குழாயைத் திறந்து வெகுநேரம் கை கழுவினார். "நான் தாசனப் பாத்தேன். கப்பல் ஏறுனன்னைக்குப் போட்டிருந்த அதே சட்டை. நீங்களும் பாத்திருந்தா கையப் பிடிச்சு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பேன். நான் மட்டுந்தான் பாத்திருக்கேன். அப்பம் அவன் இல்ல அண்ணாச்சி."

ஏன் வலது பக்கத்துக்குப் போனீர்கள் என்று மட்டும் கேட்டேன்.

"அடுத்த வரி என்ன? நீ வருமட்டும் காத்திருப்போம். அத அவன் முன்னால படிச்சா அவன் நின்னுருவான். பாவம், எத்தன வருசமா நிக்கானோ. போன்னு சொல்லுற பக்கம் அது ஒண்ணுதான இருக்கு."

சொல்லிவிட்டு அந்தக் கூடுதல் இலையின் எதிரே போய் உட்கார்ந்தார். அதில் இருந்த சோற்றைத் தாமே பிசைந்து சாப்பிட்டார். ரூபி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு இலையை மடித்துவிட்டு, அடுத்த ஞாயிறு ஜெபம் வைக்கப் போதகரிடம் சொல்லிவிடு என்று அவளிடம் சொன்னார். ரூபி அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதாள். அது துக்கமா, விடுதலையா என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்திருக்கும். பாக்கு அறுவடைக்குப் பிறகு கல்யாணம் முடித்து அவளைத் திக்லிபூருக்கு வழியனுப்பியபோது, பஸ்ஸில் பெட்டியை ஏற்றிவிட்டு, இனி நீ எனக்குத் தங்கச்சி என்று மேபலம்மா சொன்னார். அன்று சாயங்காலமே அந்தச் சன்னலுக்குத் திரை தைக்கத் துணி எடுத்தார்.

அவருடைய நினைவு ஆராதனையில் உபதேசியாரின் பிரசங்கத்தை நான்தான் வாசிக்க வேண்டும் என்று போதகர் கேட்டபோது மறுத்தேன். கையெழுத்துப் பழக்கம் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான் என்றார். நீங்கள் எல்லோரும் அன்று இருந்தீர்கள். நான் முதல்முறையாக அந்தப் பக்கம் நின்று உங்கள் முகங்களைப் பார்த்தேன். எத்தனையோ ஆண்டு மேபலம்மா பார்த்தது இந்தக் காட்சியைத்தான் என்று தோன்றியது. முகங்கள், அவற்றுக்குப் பின்னால் கதவு. விளக்கேற்றும் தாயின் பிரசங்கத்தையே எடுத்திருந்தேன். அவருக்காக இடது பக்கத்தை முழுதாக வாசிப்பது என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தேன். வருகிறவனுக்கு வழி தெரிய வேண்டுமே என்ற வரிவரை சரியாகத்தான் போனேன்.

பிறகு நான் ஏன் கோட்டைத் தாண்டினேன் என்று உங்களில் சிலர் கேட்டீர்கள். கண்ணாடி நழுவியது, வரி தவறியது என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். கண்ணாடி நழுவவில்லை. கதவருகே நின்ற அவரை அங்கேயே நிறுத்தி வைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். இன்னும் ஒரே ஒரு வரி. அதை நான் வாசிக்கவில்லை. நிழல் தருகிற விருட்சங்களைப் பற்றி வாசித்தேன். நான் ஜால்ரா என்று சொன்ன அதே பக்கம். சமாதானத்தோடே போகக்கடவீர்கள் என்று முடித்தேன். உங்களில் யாரும் திரும்பவில்லை என்று நினைத்திருந்தேன்.

வெளியே வந்தபோது செருப்பு விடும் இடத்தில் ரூபி எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். திக்லிபூரிலிருந்து நெடும்பயணம் வந்த களைப்பு முகத்தில் இருந்தது. நான் எதுவும் கேட்பதற்கு முன்பே என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"நான் திரும்பிப் பாத்தேன் சார். கதவு சாத்தியேதான் இருந்துச்சு. யாரும் வரல."

நல்லாப் பார்த்தாயா என்று கேட்டேன். நல்லாத்தான் பார்த்தேன் என்றாள்.

படாக் பெட்டி கோயிலுக்குச் சொந்தம், அது அங்கேயே இருக்கட்டும். படியெடுத்த தாள்களும் உங்களுடையவை. மேபலம்மாவிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, பாதியில் நின்று வலது பக்கத்துக்குத் தாண்டும் அந்த ஒரு இடத்தைத்தான். கேம்பல் பே கப்பல் கிளம்பும் நாட்களில் ஜெட்டிக்குப் போனால் அவர் குரல் கேட்கும். நான் கொஞ்ச நாளைக்கு அந்தப் பக்கம் போவதாக இல்லை.